நிழல் ஏன் மேலே விழுந்தது?

"திருடன் யோக்கியன் அண்ணி," என்றான் ரேடியோ. "எடுத்த இடத்தைக் காலியா விடாம இன்னொண்ணு வச்சுட்டுப் போயிருக்கான். நம்ம வீட்ல பிஸ்கட் காணாமப் போனா வெறும் டப்பாதான் மிஞ்சுது."

"அந்த டப்பாவைக் காலி பண்றவன் வாயை மூடிக்கிட்டு இருந்தா அவனுக்கே நல்லது," என்றாள் அண்ணி. அவள் பார்வை கையிலிருந்த சிவப்புக் கட்டையை விட்டு நகரவில்லை.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காது படைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்தது. அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வீட்டுக்குள் காலடி வைத்த நாள் முதல், அவள் துப்பறிவதும் கொழுந்தன் பின்னால் தொணதொணத்துக்கொண்டே போவதும் வழக்கமாகிவிட்டது. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வழக்கு கொண்டுவருகிறவர்களும் அவளை அண்ணி என்றே அழைக்க ஆரம்பித்து, கடைசியில் தொழில் பெயரே அதுவாகிப் போனது. இதில் நிம்மதியாக இருப்பவர் அண்ணன் ஒருவர்தான். இரண்டு பேரும் வெளியே போனால் அவர் தூங்குவார்.

அவர்கள் நின்றிருந்தது ஒரு ஒலிப்பதிவுக் கூடம். அறையைக் கண்ணாடிச் சுவர் ஒன்று இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தப் பக்கம் பட்டன்களும் விளக்குகளுமாக ரெக்கார்டிஸ்ட்டின் மேசை. அந்தப் பக்கம் ஒரு மைக், ஒரு ஸ்டூல், கால் வைக்க ஒரு துண்டுக் கம்பளம், வராந்தாவுக்குப் போகத் தனிக் கதவு. கண்ணாடியை ஒட்டி இந்தப் பக்கமிருந்த பலகையில், ஒரு சின்ன ஸ்டாண்டில், பாட்டைப் பதிவு செய்த டிஸ்க் நிற்க வேண்டும். சாப்பாட்டு டப்பா அளவில், சிவப்புத் தகரக் கூடு போட்டது. அதன் இடத்தில் நின்றிருந்த மரக்கட்டைதான் இப்போது அண்ணியின் கையில் இருந்தது.

"ஒரே காப்பி அண்ணி," என்றார் தயாரிப்பாளர். சட்டைப் பித்தான்கள் தெறித்துவிடுமோ என்று பார்ப்பவரைக் கவலைப்பட வைக்கும் உடம்பு அவருக்கு. "வெளியே கசிஞ்சுடக் கூடாதுன்னு நான்தான் வேற காப்பியே எடுக்க விடல. போச்சு. எல்லாம் போச்சு."

போனது எது என்பதை அவர் விளக்கவே வேண்டியதில்லை. 'மாடிப்படி மகாராணி' என்ற இசை நாடகத்தைப் பார்க்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. ஒரு பெரிய கட்டடத்தின் மாடிப்படிகளைப் பெருக்கும் பெண், அந்தப் படிகள்தான் தன் அரண்மனை என்று ஆடிப் பாடி ஆண்டுவிட்டுப் போகும் கதை. கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டே அவள் படியேறி மறையும்போது அரங்கில் கைக்குட்டைகள் வெளியே வரும். ரேடியோ பள்ளிக்கூடத்துப் பையனாகப் பார்த்தபோது பக்கத்து சீட்டுக்காரரின் கைக்குட்டையையே கடன் வாங்கியவன்.

இப்போது அது சினிமாவாகிறது. திரையில் நடிப்பது ஒரு இளம் நடிகை. ஆனால் குரல் மட்டும், மேடையில் அந்த வேஷத்தைக் கட்டி ஊரெல்லாம் மகாராணி என்று பெயர் வாங்கிய அம்மாளுடையது. பாட்டைப் பதிவு செய்து முடித்த கையோடு அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. பேச்சு மெல்லத் திரும்பும், இனி பாட்டு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் ஆறும்வரை முனகக்கூடக் கூடாதாம். ஆகவே அந்த டிஸ்க்கில் இருந்ததுதான் அவளுடைய கடைசிப் பாட்டு. அது கிடைக்காவிட்டால் படத்தில் அவள் குரல் இருக்காது. வேறு எங்கேயும் இருக்காது.

"டைரக்டருக்கு விஷயம் தெரியக் கூடாது," என்றார் தயாரிப்பாளர். "சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வரணும். என் கைக்கு மட்டும்."

"சாயங்காலம் என்ன?"

"வேற பாடகியை வச்சுப் பதிவு பண்றோம். என்ன பண்றது, ஷூட்டிங் நிக்கக் கூடாதே!"

அண்ணி ரெக்கார்டிஸ்ட் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே முதல்ல பார்த்தீங்க?"

"ஆமாங்க. போன வாரம் இந்த ரூமைப் பூட்டிட்டு வேற வேலைக்குப் போயிட்டேன். டிஸ்க்கை எடுத்துக்கிட்டு வான்னு இன்னிக்குக் காலைல சார் போன் பண்ணினார். கதவைத் திறந்தா இந்தக் கட்டை பல்லைக் காட்டுது."

"பத்திரமா நானே வச்சுக்கலாம்னு பார்த்தேன்," என்றார் தயாரிப்பாளர் அவசரமாக.

"சாவி எங்க இருக்கும்?" என்று கேட்டான் ரேடியோ.

"வெளியே ஆணில தொங்கும்."

"பேஷ். வாசல்ல ஒரு அறிவிப்புப் பலகையும் மாட்டியிருக்கலாம்."

அண்ணி கட்டையை மேசைமேல் வைத்தாள். ஒரு பக்கம் அசல் டிஸ்க் தோற்றுப் போகும். சிவப்புப் பளபளப்பு, ஓரத்தில் சின்னக் கீறல், நாலு மூலையிலும் தலை துருத்திக்கொண்டிருக்கும் நாலு திருகாணிகள். தொட்டுப் பார்த்தால்தான் அவை வெறும் பெயிண்ட் என்று தெரியும். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. இழைத்த மரம் அப்படியே இருந்தது.

"அரைகுறைப் பய," என்றார் தயாரிப்பாளர். "ஒரு பக்கம்தான் பூசியிருக்கான். அதையாவது ஒழுங்கா வச்சானா? பூசின பக்கம் கண்ணாடியைப் பார்த்து நின்னுச்சு, வெத்துப் பக்கம் நம்மளைப் பார்த்து நின்னுச்சு. இவனெல்லாம் திருட வந்துட்டான்!"

"தம்பி, இந்த ஸ்க்ரூவைப் பாரு. நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கு?"

ரேடியோ குனிந்து பார்த்தான். ஒவ்வொரு திருகாணிக்கும் மெல்லிய கறுப்புக் கோடாக நிழல் வரைந்திருந்தது. எல்லாம் தலைக்கு மேலே.

"மேல விழுந்திருக்கு."

"இந்த ரூம்ல விளக்கு எங்க இருக்கு?"

"அதுவும் மேலதான்." கூரையைப் பார்த்துவிட்டுக் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டான். "என் நிழல் கீழதான் விழுது. கொஞ்சம் தொப்பையோட."

"இவ்வளவு நேர்த்தியா வரையத் தெரிஞ்சவனுக்கு நிழல் எங்க விழும்னு தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அண்ணி கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். இந்த மாதிரி பாதியில் கேள்வியை விட்டுவிட்டு நடப்பது அவள் வழக்கம். ரேடியோவுக்கு எரிச்சலாக வரும்.

வராந்தாவில் ஒரு பெண் காதில் இயர்போனோடு உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டு ஓடாத போனே இப்போது கிடையாது. ரேடியோவின் கால் தானாக நின்றுவிட்டது.

"நீங்களா? சாயங்காலப் பதிவுக்கா? இவ்வளவு சீக்கிரமே வந்துட்டீங்க?"

"பயம்மா இருக்குங்க," என்றாள் பாடகி. "போன வாரமே பாட்டைக் கொடுத்துட்டாங்க. நானும் நாள் பூரா பாடிப் பார்க்கறேன். அந்த அம்மா மேடைல பாடினதைக் கேட்டவங்க என்னை அடிக்க வருவாங்களோன்னு இருக்கு."

"யார் வர்றாங்கன்னு பார்க்கறேன்," என்று ரேடியோ மார்பை நிமிர்த்தினான். அண்ணி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் போகிற போக்கில் அவள் முகம் லேசாக மலர்ந்ததை அவன் கவனித்தான். அண்ணி சும்மா மலர்கிற ஜாதி இல்லை.

பக்கத்திலிருந்த பெரிய ஷூட்டிங் கொட்டகைக்குள் அந்த மாடிப்படி வளைந்து வளைந்து கூரைவரை ஏறியது. பின்னால் ஆளுயரத்துக்கு மூன்று மடங்காகச் செங்கல் சுவர். ஆடுகிறவர்கள் படிகளில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, உச்சியில் கேமராவோடு உட்கார்ந்திருந்த டைரக்டர் எல்லாரையும் செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தார். சுவரின் கீழ்க்கோடியில் ஒல்லியான ஒரு மனிதர் தூரிகையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, மகாராணி. இந்த ஒல்லி மனிதர் நாடகக் குழுவின் பெயிண்டர் மட்டுமில்லை, அவளுடைய கணவரும்கூட என்று ரெக்கார்டிஸ்ட் வரும்போதே சொல்லியிருந்தான்.

"சுவர் பிரமாதம் சார்," என்றான் ரேடியோ. "நிஜச் செங்கல்னே நெனச்சேன்."

பெயிண்டர் கூச்சத்தோடு சிரித்தார். "முதல்ல கெடுத்துட்டேன் தம்பி. மொத்தச் சுவரையும் மறுபடி அடிக்க வச்சாங்க. நாடக மேடைல விளக்கு எல்லாம் தரையோரமா வரிசையா இருக்கும். வெளிச்சம் கீழ இருந்து மேல போகும். அதனால நிழலை மேல போட்டே கை பழகிப் போச்சு. இங்க வெளிச்சம் மேல இருந்து வருது. சுவர் தலைகீழா நிக்குதுன்னு டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார்."

ரேடியோவின் வாய் திறந்தது. அதற்குள் அண்ணியின் செருப்பு அவன் கால் விரலில் ஏறியது.

"ஆ... அருமை!" என்று முடித்தான்.

மகாராணி கைகளை அசைத்தாள். ரேடியோவைச் சுட்டினாள், உதட்டில் விரல் வைத்தாள், தன் தொண்டையைத் தொட்டாள், தலையைச் சாய்த்துப் பரிதாபப்பட்டாள். வாய் திறக்காமலேயே அத்தனை கலகலப்பு அந்த முகத்தில்.

"இந்தத் தம்பி கொஞ்சம் வாய்க்கு ஓய்வு கொடுக்கலேன்னா தன்னை மாதிரி ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வரும்ங்கறா," என்று பெயிண்டர் மொழிபெயர்த்தார். இப்போதெல்லாம் அவள் கை பேசும், அவர் வாய் சொல்லும்.

"எங்க வீட்ல எல்லாரும் அதுக்குத்தாம்மா காத்திருக்காங்க," என்றான் ரேடியோ. அவள் சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தாள்.

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "தினமும் ரெக்கார்டிங் ரூமுக்குப் போய் உக்காந்துட்டு வருவீங்களாமே? ரெக்கார்டிஸ்ட் சொன்னார்."

மகாராணி ஸ்டூலைக் காட்டினாள், கண்ணாடியைக் காட்டினாள், அதற்கு அப்பால் ஒரு பெட்டியை வரைந்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"பாடற பக்கம் எப்பவும் திறந்துதான் இருக்கும்," என்றார் பெயிண்டர், தூரிகையைப் பார்த்துக்கொண்டே. "அங்க உக்காந்து கண்ணாடி வழியா அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்துட்டு வந்தாத்தான் இவளுக்குத் தண்ணியே இறங்கும். என் தொண்டை கழுத்துல இல்ல, அந்தப் பெட்டியில இருக்குங்கறா."

அண்ணி ரேடியோவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டின் நிழலுக்கு வந்தாள். அவன் பொங்கிவிட்டான்.

"ஆள் சிக்கிட்டார் அண்ணி! நிழல்ல மாட்டிக்கிட்டார். ஆனா எதுக்குப் பொண்டாட்டி பாட்டையே திருடினார்? அதுவும் கட்டையைத் திருப்பி வச்சு, ரெக்கார்டிஸ்ட் பார்த்ததுமே தெரியற மாதிரி..."

"திருப்பி வைக்கலடா. மேடைக்காரர் ஒரு சாமான் செய்யறதுக்கு முன்னாடி என்ன கேப்பார்?"

"காபி."

"ஜனங்க எந்தப் பக்கம் உக்காருவாங்கன்னு கேப்பார். அவங்களுக்குத் தெரியற பக்கம் மட்டும்தான் பூசுவார். பின்னாடி பூசறது வீண் வேலை. கட்டையோட பூசின பக்கம் எதைப் பார்த்து நின்னுச்சு?"

"கண்ணாடியை. அந்தப் பக்கம் யாரு... வெறும் ஸ்டூல்தானே..." ரேடியோ நிறுத்தினான். அவன் தானாக நிறுத்துவது அபூர்வம். அந்த ஸ்டூலில் யார் உட்காருவார்கள் என்பது அவனுக்கு உறைத்துவிட்டது. ஒரே ஒரு ஆள் பார்ப்பதற்காக அந்தக் கீறலையும் திருகாணியையும் வரைந்திருக்கிறார் மனுஷன்.

"பெட்டி காணோம்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதுக்காகத்தான் கட்டை," என்றாள் அண்ணி. "இப்ப இன்னொண்ணு சொல்லு. டிஸ்க் காணோம்னு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலைல."

"புதுப் பாடகிக்குப் பாட்டு எப்பக் கொடுத்தாங்க?"

"போன வா..." ரேடியோ தலையில் அடித்துக்கொண்டான். "காணோம்னு தெரியறதுக்கு முன்னாடியே தயாரிப்பாளர்... அடப்பாவி மனுஷா!"

மகாராணி ஆட்டக்காரிகளுக்குக் கை அசைவு சொல்லிக்கொடுக்கப் படியேறிப் போனதும், அண்ணி பெயிண்டரிடம் வந்து பையிலிருந்த கட்டையை எடுத்துக் காட்டினாள். அவர் மறுக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், தூரிகையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"போன வாரம் நான் இந்தச் சுவருக்குப் பின்னாடி ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தேன்மா. தயாரிப்பாளர் இந்தப் பக்கம் சாஞ்சு நின்னு போன் பேசறார். நிஜச் சுவர்னு நெனச்சுட்டார் போல. இது வெறும் துணியும் பலகையும். ஒரு வார்த்தை விடாமக் கேட்டுது. 'குழுவோட போட்ட ஒப்பந்தப்படி அவ பாடின பதிவு இருக்கிறவரை அதைத்தான் போடணும். இருந்தாத்தானே? என் கைக்கு வரட்டும், அழிச்சுடறேன். புதுப் பொண்ணு பாடினா ஊரே கேக்கும்'னார்."

"டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்," என்றான் ரேடியோ.

"சுண்ணாம்பு அடிக்கறவன் பேச்சா, பணம் போடறவர் பேச்சா? அதோட இவ காதுக்குப் போச்சுன்னா கத்துவாப்பா. இவ கோபம் எனக்குத் தெரியும். கத்தினா தையல் பிரிஞ்சுடும், பேச்சும் போயிடும்னு டாக்டர் பயமுறுத்தியிருக்கார். எனக்கு வேற வழி தெரியல."

"டிஸ்க் எங்க இருக்கு?"

பெயிண்டர் தூரிகையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ரேடியோ பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தான். சாய்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தான். "ஐயோ, முதுகு! என்ன சார் செங்கல் குத்துது?"

சொல்லி முடித்த பிறகுதான் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணியில் வரைந்த செங்கல் குத்தாது. அண்ணி சுவரைத் தடவினாள். வழவழவென்று ஓடிய கை ஓரிடத்தில் தடுக்கி நின்றது. பெயிண்டர் அந்த ஒரு செங்கல்லைப் பெயர்த்து எடுத்து, மேலிருந்த அட்டையைக் கிழித்தார். உள்ளே சிவப்புத் தகரம் மின்னியது.

"எதுவும் பேசாம என்னோட நில்லுங்க," என்றாள் அண்ணி. "தம்பி, ரெக்கார்டிஸ்ட்டைக் கூப்பிடு. சத்தமா."

சத்தமாகச் சொல் என்று ரேடியோவிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவன் போட்ட கூச்சலில் ரெக்கார்டிஸ்ட் மட்டுமில்லாமல் தயாரிப்பாளரும் மூச்சிரைக்க ஓடி வந்தார். புதுப் பாடகியும் பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள்.

"கிடைச்சுதா? கொடுங்க, கொடுங்க," என்று கையை நீட்டினார் தயாரிப்பாளர். "என் கைக்கு மட்டும்னு சொன்னேனே!"

"உங்க கைக்குத்தான். ஆனா ஏற்கெனவே ஒரு போலியைப் பார்த்துட்டோம். இது அசல்தானான்னு போட்டுப் பார்க்காமக் கொடுத்தா என் பேரு என்ன ஆகும்?" அண்ணி டிஸ்க்கை ரெக்கார்டிஸ்ட்டிடம் கொடுத்துவிட்டாள். ஒத்திகைக்கு வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர்கள் பக்கத்திலேயே இருந்தன. தயாரிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் வயலின் ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அந்தக் குரல் வந்தது. ஆட்டக்காரிகள் அப்படியே நின்றார்கள். ஏணியில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் மாட்டாமல் நின்றார். மகாராணியின் குரலில் வயசு தெரிந்தது, இழுத்துப் பாடும் இடத்தில் மூச்சு சற்றுத் தேய்ந்தது, அதனாலேயே அந்தப் பாட்டு கேட்கிறவர் நெஞ்சைப் பிசைந்தது. பாட்டு முடிந்தபோது ரேடியோ சுற்றுமுற்றும் கைக்குட்டை தேடினான்.

முதலில் பேசியது புதுப் பாடகிதான். "சார், பழைய பதிவு கெட்டுப் போச்சுன்னு சொல்லித்தானே போன வாரம் எனக்குப் பாட்டைக் கொடுத்தீங்க? இது நல்லாத்தானே இருக்கு?"

டைரக்டர் உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தார். "யாருக்குப் பாட்டு கொடுத்தீங்க? எனக்குத் தெரியாம?"

தயாரிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கொட்டகையை ஒரு முறை பார்த்தார். இத்தனை பேர் அழுகிற பாட்டு எத்தனை தியேட்டரை நிரப்பும் என்று அந்த நிமிஷத்திலேயே அவருக்குக் கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

"இந்தப் பாட்டைக் கண்டுபிடிக்கத்தானே நான் அண்ணியையே கூப்பிட்டேன்!" என்றார் கம்பீரமாக. "அது சும்மா... ஒரு முன்னேற்பாடு."

"நீங்க முன்னேற்பாடு பண்ணினது எனக்கும் தெரியும், அந்தச் சுவருக்கும் தெரியும்," என்றாள் அண்ணி. "டைரக்டர் சார், இப்பவே இதுக்கு நாலஞ்சு காப்பி எடுத்து வையுங்க. மிச்சக் கதையை அப்புறம் சொல்றேன்."

"படத்துல இந்தக் குரல்தான் வரும்," என்றார் டைரக்டர். தயாரிப்பாளர் வேகமாகத் தலையாட்டினார். புதுப் பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

பெயிண்டர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் படிகளில் தடுமாறி ஏறிக்கொண்டிருந்தார். பாதி வழியில் மகாராணி நின்றிருந்தாள். நடந்தது பூராவும் அவளுக்குப் புரிந்திருக்கும். "கத்தாதே! ஒண்ணும் ஆகல, பாட்டு கிடைச்சாச்சு, கத்தாதேம்மா!" என்று அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார். ரேடியோவும் பின்னாலேயே ஓடினான்.

அவள் கத்தவில்லை. முகம்கூட மாறவில்லை. அவரைச் சுட்டினாள், காற்றில் தூரிகை பிடித்துக் கோடு இழுத்தாள், தன் கண்ணைத் தொட்டுக்காட்டினாள்.

பழக்க தோஷத்தில் அவர் சத்தமாகவே சொன்னார். "'முதல் நாளே தெரியும்'ங்கறா... 'இவ்வளவு காலம் நீங்க பூசின அரண்மனையில ராணியா இருந்தவ நான். உங்க கை வேலை எனக்குத் தெரியாதா'ங்கறா..." அவர் குரல் இறங்கியது. "தெரிஞ்சுமா தினமும் போய் அந்தக் கட்டையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே? பதறலையா நீ?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். பிறகு கைகள் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசின. பெயிண்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன சார் சொல்றாங்க?" என்றான் ரேடியோ, பொறுக்க முடியாமல்.

"'வேற யாராவது எடுத்திருந்தா பதறியிருப்பேன்'ங்கறா," என்றார் அவர். "'எடுத்தது நீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் நிம்மதியாத் தூங்கினேன்'ங்கறா."